சமையலறைப் பக்கம் நின்ற வாக்குகள்

கையிலே மரச்சுத்தியலும் கண்ணிலே கண்டிப்புமாக இந்த அவையின் நடுவே வீற்றிருக்கும் கூட்டத் தலைவர் ஆல்டன் ஸ்டிக்னி அவர்களே! வரவு செலவை வாசித்து வாசித்து வறண்டுபோன தொண்டைக்கு வெந்நீர் வார்த்துக்கொண்டிருக்கும் ஊர்ச் செயலர் அம்மையார் அவர்களே! மார்ச் மாதத்துச் சேற்றை முழங்கால் வரை மாட்டிக்கொண்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் பால்பண்ணைப் பெரியோர்களே! ஒரு காதை எனக்கும் மறு காதைக் கொதிக்கும் பானைக்கும் கொடுத்தபடி அடுப்படி வாசலில் நிற்கும் தாய்மார்களே! மடியில் நூலும் விரலில் ஊசியுமாக, பேச்சு நீள நீளக் காலுறையும் நீளட்டும் என்று பின்னிக்கொண்டிருக்கும் சகோதரிகளே! கதவில் சாய்ந்து நின்று, இந்த ஆள் எப்போது முடிப்பான் என்று கடிகாரத்தைக் கண்ணால் தள்ளிக்கொண்டிருக்கும் காளையர்களே! கிழக்கு ஹார்லோவின் வாக்காளப் பெருமக்களே!

மலைக்கு அந்தப் பக்கத்து ஹார்லோவிலிருந்து, மண்பாதைச் சேற்றில் இரண்டு முறை மூழ்கி, மூன்றாம் முறை வண்டியை முதுகாலேயே முட்டித் தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்திருக்கும் வென்டல் பிராங்கோரின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியதாகுக!

முதலில் நன்றி. வெளியூர்க்காரன் ஒருவன் இந்த அவையில் வாய் திறக்க வேண்டுமானால், மூன்றில் இரண்டு பங்கு பேர் கை தூக்கிச் சம்மதிக்க வேண்டும் என்பது நமது வெர்மான்ட் வழக்கம். தூக்கினீர்கள். என்ன அங்கே முணுமுணுப்பு? "நான் தலையைச் சொறியத்தான் தூக்கினேன்" என்கிறாரா? பரவாயில்லை ஐயா. தூக்கிய கை தூக்கியதுதான். கணக்கில் சேர்த்தாயிற்று!

பெருமக்களே, ஒரே ஒரு கேள்வி. கேவலம் ஒரு வென்டல் பத்து நிமிடம் பேசுவதற்கு இத்தனை கைகள் வேண்டும் என்றால், கப்பலிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பிக் கடல் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத ஊரின் கூரையில் விழுவதற்கு எத்தனை கைகள் வேண்டும்? நூறா? ஆயிரமா? ஒன்று, பெருமக்களே, ஒன்று! அதிபரின் ஒரே ஒரு கை! அந்தக் கை கையெழுத்துப் போட்டது. குளிர்காலம் முழுக்கக் குண்டு விழுந்தது. அங்கிருந்தும் ஆளில்லா விமானங்கள் நம் கப்பல்களை நோக்கிப் பறந்து வந்தன. போரா இது என்று கேட்டால், போர் இல்லை என்கிறார்கள். போர் இல்லை என்றால் வீரர்களைத் திரும்ப அழையுங்கள் என்றால், போர்க்களத்தில் பின்வாங்கலாமா என்கிறார்கள்! தொலைக்காட்சியில் ஒருவர் வென்றோம் என்கிறார். அடுத்த நாற்காலியில் இருப்பவர் இன்னும் தொடங்கவே இல்லை என்கிறார். எனக்குக் குழம்புகிறது. உங்களுக்குக் குழம்பவில்லையா? குழம்பாதவர் எழுந்து நில்லுங்கள், கும்பிட்டுக்கொள்கிறேன்!

நான் படித்தவன் அல்லன். எட்டாம் வகுப்புக் கதவை எட்டி உதைத்துவிட்டு வெளியே வந்தவன். ஆனால் அரசியல் சட்டத்தை ஏழு முறை வாசித்தவன்; அதில் மூன்று முறை தூங்காமல் வாசித்தவன்! ஒரு முறை ஒரு மாவட்ட நீதிபதியே என் கொட்டகைக்கு வந்து மேப்பிள் பாகு வாங்கும் சாக்கில் என்னிடம் சந்தேகம் கேட்டுக்கொண்டு போனார். பெயரைச் சொல்லமாட்டேன், பாவம், பதவியில் இருக்கிறார். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? போரை அறிவிக்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கு. படையை நடத்தும் பொறுப்பு அதிபருக்கு. பிறகு என் வாலிபத்தில் இன்னொரு சட்டம் வந்தது. அதிபர் படையைச் சண்டைக்கு அனுப்பினால் உடனே நாடாளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும். அறுபது நாளுக்குள் அவர்கள் ஒப்புதல் தராவிட்டால் திரும்ப அழைக்க வேண்டும். பச்சைக் குழந்தைக்கும் புரியும் அல்லவா? எனக்கும் புரிந்தது. அதற்குள் அதிபரின் வழக்கறிஞர்கள் வந்து, "இது சண்டையே அல்ல, ஆகவே நாள் எண்ணவே தொடங்கவில்லை" என்றார்கள். புரிந்தது போயிற்று!

இந்தக் குழப்பத்தின் நடுவிலே எங்கள் ஊரில் ஒரு தாய் இருக்கிறார். மார்கரீட் லஃப்லாம். இதோ, கடைசி வரிசையில், என் வண்டியில் ஏறி என்னோடு சேற்றில் இறங்கி வந்து அமர்ந்திருக்கிறார். எங்கள் கூட்டத் தலைவி அவர்தான். அவருடைய ஒரே மகள் நொயேல் அந்தக் கப்பல்களில் ஒன்றில் இருக்கிறாள். ஏவுகணைகளை ஏற்றும் தளத்தில் வேலை. பிப்ரவரியில் ஆளில்லா விமானம் ஒன்று அவர்களுடைய கப்பல் வரிசைக்குள் விழுந்தது. அன்று முதல் கப்பலிலிருந்து தொலைபேசி இல்லை, மின்னஞ்சல் இல்லை. கடற்படைக்குப் பேசினால், "எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது, அம்மா" என்கிறார்கள். எது வழக்கம்? அதையும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

இந்த நிலையில்தான் சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர்க்கூட்டம். உங்கள் முன் இன்று இருக்கும் இதே தீர்மானம் அங்கே வந்தது. என்ன தீர்மானம்? இந்தத் தாக்குதலை நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று நம் உறுப்பினர் கோர வேண்டும். கோரி, தம் பெயர் சொல்லி வாக்களிக்க வேண்டும். அவ்வளவே! தாக்கு என்றும் இல்லை, தாக்காதே என்றும் இல்லை.

எழுந்தார் லூசியன் டெரோஷே. இளமையில் போருக்குப் போய் வந்தவர். இருபது ஆண்டு எங்கள் தீயணைப்புப் படைக்குத் தலைவர். அவர் எழுந்தால் பலகை கிறீச்சிடும், பாதி ஊர் அமைதியாகும்.

"வீடு பத்திக்கிட்டு எரியுது. நான் வண்டியை எடுக்கணுமா, இல்ல உங்களையெல்லாம் கூப்பிட்டு வச்சு, தண்ணி அடிக்கலாமா வேணாமான்னு ஓட்டெடுக்கணுமா?" என்றார்.

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல்! உத்தரத்தில் கூடு கட்டியிருந்த புறா குடும்பத்தோடு குடிபெயர்ந்தது!

அடுத்த நொடி எங்கள் சாலை மேஸ்திரி எம்மெட் எழுந்தார். "எரியுற வீட்டுக்குப் போங்க லூசியன், யாரு வேணாங்கிறா? பக்கத்து ஊரு கொட்டகை அடுத்த மாசம் எரியும்னு இன்னிக்கே போய் இடிச்சா, அதுக்குப் பேரு தீயணைப்பா?"

"அது எரியப்போகுதுன்னு தகவல் இருக்குய்யா!"

"யாருகிட்ட இருக்கு? எங்களுக்குக் காட்டச் சொல்லுங்க. போன வருஷம் ஒரு பழைய பனி தள்ளுற வண்டியைக் கேக்காம வாங்கிட்டேன்னு, மூணு மணி நேரம் என்னை இதே இடத்துல நிக்க வச்சு வறுத்தீங்களே!"

"அது என் வரிப்பணம்டா!"

"ஏவுகணை மட்டும் என்ன, மேப்பிள் மரத்துலயா காய்க்குது?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாங்களும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் திருத்தங்கள் தொடங்கின! 'தாக்குதல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நடவடிக்கை' என்று போடு என்றார் ஒருவர். 'நடவடிக்கை'க்கு முன்னால் 'ராணுவ' சேர் என்றார் இன்னொருவர். வீரர்களுக்கு நன்றி என்று ஒரு வரி. அந்த நன்றியை மேலே போடுவதா கீழே போடுவதா என்று ஒரு திருத்தம். அந்தத் திருத்தத்துக்கு ஒரு திருத்தம். பால் விலை பற்றியும் ஒரு வார்த்தை சேர்க்கலாமே என்று ஒரு பண்ணைக்காரர்! மணி பன்னிரண்டு. உள்ளே பன்றி இறைச்சியோடு பீன்ஸ் வெந்துகொண்டிருக்கிறது. வாசனை வருகிறது, வார்த்தை மறைகிறது. நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது ஊருக்கே மறந்துபோனது, பெருமக்களே!

அப்போதுதான் மார்கரீட் எழுந்தார். கூட்டத் தலைமையில் இருப்பவர் ஒரு பக்கம் பேசக் கூடாது. பேச வேண்டுமானால் சுத்தியலை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி, மற்றவர்களைப் போல் நின்றுதான் பேச வேண்டும். இருபத்திரண்டு ஆண்டில் ஒரு நாளும் இறங்காத பெண்மணி அன்று இறங்கினார். சுத்தியலை யாரிடம் கொடுத்தார்? அறிஞர்கள் இருந்தார்கள், ஆசிரியர்கள் இருந்தார்கள், பல் மருத்துவர் ஒருவர்கூட இருந்தார். அத்தனை பேரையும் தாண்டி வந்து, என் கையில் கொடுத்தார்! ("நீதான் பக்கத்துல இருந்தே" என்று பின்னாலிருந்து சொல்கிறார் மார்கரீட். தன்னடக்கம், பெருமக்களே, தன்னடக்கம்!)

இறங்கி நின்று அவர் சொன்னது இது. கூட்டாமல் சொல்கிறேன், குறைக்காமல் சொல்கிறேன். என் பேச்சில் நான் கூட்டாத இடம் இது ஒன்றுதான்.

"அந்தக் குண்டு சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. ராத்திரி பகலா யோசிச்சும் தெரியல. எம்பொண்ணுதான் அதைக் கப்பல்ல ஏத்தி வச்சா. அது யாரு மேல விழுந்துச்சுன்னு அவளுக்கும் தெரியாது. அவ திரும்பி வருவா. வந்து, 'அம்மா, என்னை இதைச் செய்யச் சொன்னது யாரு'ன்னு கேப்பா. அதிபர்னு சொன்னா, அவரு ஒருத்தர் மட்டுமான்னு கேப்பா. நான் என்னங்க சொல்றது? எனக்குப் பேரு வேணும். சரின்னு சொன்னவங்க பேரு, வேணாம்னு சொன்னவங்க பேரு. எனக்கு அது போதும்."

அவ்வளவுதான் பேசினார். அமர்ந்துவிட்டார்.

இப்போது சுத்தியல் என் கையில்! வாய்மொழி வாக்கெடுத்தேன். 'ஆம்' என்ற சத்தமும் 'இல்லை' என்ற சத்தமும் ஒரே உயரம். உடனே, அவையைப் பிரி என்றேன். வழக்கம் உங்களுக்குத் தெரியும். தீர்மானத்தை ஆதரிப்பவர் ஒரு பக்கம், எதிர்ப்பவர் மறு பக்கம், நடந்து போய் நிற்க வேண்டும். ஆதரிப்போர் கொடிக்கம்பத்துப் பக்கம், எதிர்ப்போர் சமையலறைப் பக்கம் என்று ஆணையிட்டேன். எழுந்தது கூட்டம்! நகர்ந்தன நாற்காலிகள்! பார்க்கிறேன், சமையலறைப் பக்கம் சாய்கிறது ஊர். அலை அலையாகச் சாய்கிறது! மார்கரீட்டின் முகத்தைப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டே, "தீர்மானம் தோற்றது" என்று ஓங்கி அடித்தேன். அடித்த அடியில் சுத்தியலின் தலை பறந்து போய் ஊறுகாய்ப் பாத்திரத்துக்குள் விழுந்தது. விழுந்தது, பெருமக்களே, எடுத்தவர் சாட்சி இருக்கிறார்!

அப்போது மார்கரீட், சமையலறை வாசலில் முதல் ஆளாக நின்ற ரோஸ்கோ என்பவரைப் பார்த்தார். ரோஸ்கோவின் கையில் தட்டு.

"ரோஸ்கோ, நீ நெஜமாவே வேணாம்னுதான் நிக்கிறியா?"

"எதை வேணாம்னு?"

"ஓட்டு எடுத்தாங்கள்ல?"

"ஓட்டா? சாப்பாட்டு வரிசைன்னுல்ல நெனச்சேன்!"

அவருக்குப் பின்னால் நின்றவரைக் கேட்டார். "ரோஸ்கோ போனாரு, நானும் போனேன்." அதற்குப் பின்னால் நின்றவர், "நான் வேணாம்னுதான் நின்னேன். ஆனா எதை வேணாம்னேன்னு இப்ப மறந்துபோச்சு." எதிரே நின்றவர்கள் மட்டும் யோக்கியமா? கொடிப் பக்கம் நின்றவர்களில் பலர், கொடிக்குப் பக்கத்தில் குளிர்காயும் விறகடுப்பு கனகனவென்று எரிகிறது என்பதற்காக நின்றவர்கள்! ஒருவர் வயிற்றுக்காக நின்றார், ஒருவர் முதுகுக்காக நின்றார். நாட்டுக்காக நின்றவர் யார் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சிரிக்காதீர்கள்! இப்போது சிரிக்காதீர்கள்! தலைநகரத்திலே மட்டும் என்ன நடக்கிறது? சூடு எங்கே, சோறு எங்கே, அடுத்த தேர்தல் எங்கே என்று பார்த்துத்தானே அங்கேயும் நிற்கிறார்கள்? குண்டு வெற்றி என்றால், நாங்கள் தட்டிக்கொடுத்தோம் என்பார்கள். தோல்வி என்றால், எங்களைக் கேட்கவே இல்லையே என்பார்கள். கேட்கவில்லை என்று அழுகிறவர்கள், கேள் என்று ஏன் மேசையைத் தட்டவில்லை? கேட்டுவிட்டால் பதில் சொல்ல வேண்டுமே, அதனால் அல்லவா!

விதிப்படி, கூட்டம் அடுத்த பொருளைத் தொட்டுவிட்டால் இந்தத் தீர்மானத்தைத் திரும்ப எடுக்க முடியாது. சாப்பிட்டுவிட்டு வந்தால் பாதிப் பேர் மேப்பிள் மரச்சாறு காய்ச்சப் போய்விடுவார்கள். ஆகவே மார்கரீட் போய்ச் சமையலறைக் கதவைச் சாத்தி, அதன் மேல் சாய்ந்துகொண்டார்.

"பேரைச் சொல்லி ஒவ்வொருத்தரா சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் சாப்பாடு."

"இதுக்கு விதியில இடம் இருக்கா?" என்று யாரோ கேட்டார்.

"பீன்ஸ் கெட்டிப்பட்டுக்கிட்டு இருக்கு. இடம் இருக்கா இல்லையான்னு நீயே சொல்லு" என்றார் மார்கரீட். இருக்கிறது என்று ஊரே ஒரே குரலில் சொன்னது.

முதலில் அவரே சொன்னார். "மார்கரீட் லஃப்லாம். ஆம்."

பெருமக்களே, கூட்டத்தில் கத்துவது வேறு. ஒற்றையாய் நின்று, அந்தத் தாயின் முகத்துக்கு நேரே, தன் பெயரை முன்னால் வைத்து ஒரு சொல் சொல்வது வேறு. ஆண்டு முழுக்க அண்டை வீட்டுக்காரனை அதட்டுகிறவன் தன் பெயரையே இரண்டு முறை திருத்திச் சொன்னான். ஐந்து நிமிடம் முன்பு முழங்கியவன் தண்ணீர் கேட்டான்.

எம்மெட்டின் முறை. லூசியனை வறுத்தெடுத்த அதே எம்மெட். தொப்பியைக் கழற்றினார். "எம்மெட் கியூலெட்," என்றார். "என்னால முடியலங்க. பிள்ளைங்க அங்க நடுக்கடல்ல நிக்குது. இப்பப் போய் நாம இங்க இழுபறி பண்ணினா, எதிரி பார்த்துக்கிட்டு இருக்க மாட்டானா? பயமா இருக்கு. இல்லை. என் ஓட்டு, இல்லை."

அவை அதிர்ந்தது. அடுத்தது லூசியன்.

"லூசியன் டெரோஷே. அந்தக் குண்டு சரின்னுதான் எனக்குப் படுது. இன்னிக்கும் சொல்றேன், நாளைக்கும் சொல்வேன்." மார்கரீட்டின் பக்கம் திரும்பினார். "ஆனா என்னைச் சின்ன வயசுல அனுப்பினாங்களே, அனுப்பினது யாருன்னு நான் இன்னும் தேடிக்கிட்டு இருக்கேன் மார்கரீட். ஒருத்தனும் நான்தான்னு சொல்லல. நொயேல் வந்து கேட்டா, லூசியன் மாமாதான் சரின்னாருன்னு சொல்லு. மறைக்காதே. வாக்கெடுப்பு வேணும். ஆம்."

காலையில் எதிரெதிரே நின்ற இருவர், மதியத்தில் இடம் மாறி நின்றார்கள்! எனக்குத் தலை சுற்றியது. யார் போர் வேண்டும் என்கிறார், யார் வாக்கு வேண்டும் என்கிறார், யார் எதற்குப் பயப்படுகிறார், ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒன்று நடந்தது. அந்த அறையில் அதுவரை யார் யாரோ இருந்தார்கள். இப்போது எல்லோருக்கும் பெயர் இருந்தது.

எண்ணினோம். ஆம் எத்தனையோ, இல்லை அத்தனை! சமம்! இன்னும் வாக்களிக்காதவர் ஒருவர்தான். தலையில்லாத சுத்தியலைப் பிடித்துக்கொண்டு மேடையில் நிற்கிற வென்டல் பிராங்கோர்!

பெருமக்களே, நான் கரடியைக் கண்டு கலங்காதவன். கண்ணாடி போல் உறைந்த ஏரியில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். பேச்சென்றால் மழை, மழையென்றால் நான்! அன்று என் வாயில் ஒரு சொல் வரவில்லை. சரி என்றால் நொயேலுக்கு என்ன ஆகும்? இல்லை என்றால் நொயேலுக்கு என்ன ஆகும்? நான் கொடிப் பக்கம் பார்த்தேன், யாரும் சொல்லவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தேன், யாரும் சொல்லவில்லை. கடைசியில், "ஆம்" என்றேன்.

"உன் பேரைச் சொல்லுய்யா!" என்றார் லூசியன்.

நாற்பது ஆண்டாக இந்த மாவட்டத்தில் யாரும் என்னிடம் பெயரைச் சொல் என்று கேட்டதில்லை. நிறுத்து என்றுதான் கேட்டிருக்கிறார்கள். "வென்டல் பிராங்கோர். ஆம்." தீர்மானம் ஒரு வாக்கில் நிறைவேறியது.

கதவு திறந்தது. சாப்பிட அமர்ந்தேன். கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, பெருமக்களே. கை நடுங்கியது. மேசை விரிப்பெல்லாம் பீன்ஸ். எதிரே அமர்ந்திருந்த லூசியனைப் பார்த்தேன். அவர் கோப்பையும் தளும்பிக்கொண்டிருந்தது. எம்மெட் சாப்பிடாமலே தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் யார்? மலையடிவாரத்து மனிதர்கள். எங்கள் தீர்மானத்தால் ஒரு கப்பல் ஓர் அங்குலம் திரும்பாது. ஒரு காகிதத்துக்கு ஒரு சொல் சொன்ன எங்களுக்கே கை நடுங்கியது என்றால், ஒரு நகரத்தின் மேல் நெருப்பை அனுப்புகிறவர்களுக்குக் கை நடுங்க வேண்டாமா? அந்த நடுக்கம் ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அது ஒரு நாளில் மரத்துப்போகும். நாடாளுமன்றத்தின் ஐந்நூறு கைகளில் இருக்கட்டும்! பெயர் சொல்லி, ஊர் சொல்லி, 'நான்தான் சரி என்றேன்', 'நான்தான் வேண்டாம் என்றேன்' என்று அவர்கள் சொல்லட்டும்! சட்டம் எழுதியவர்கள் போரை அறிவிக்கும் உரிமையை ஏன் ஒருவர் கையில் கொடுக்கவில்லை என்று ஏழு முறை வாசித்தும் எனக்கு விளங்கவில்லை. அந்தப் பீன்ஸ் தட்டின் முன்னால்தான் விளங்கியது!

அந்தக் குண்டு சரியா? எனக்கு இன்னும் தெரியாது. இன்று காலை வரும் வழியில் மார்கரீட்டிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாது வென்டல், ரோட்டைப் பாரு" என்றார். நொயேலிடமிருந்து இன்னும் செய்தி இல்லை.

ஆகவே, ஆல்டன் ஸ்டிக்னி அவர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். இந்தத் தீர்மானத்துக்குச் சத்தத்தை எண்ணாதீர்கள். பக்கம் பிரித்தும் நிறுத்தாதீர்கள். ஆம் என்று சொல்லுங்கள் என்று நான் கேட்க வரவில்லை. இல்லை என்றும் சொல்லலாம். எம்மெட் சொன்னார், அவர் கையை நான் இன்றும் குலுக்குகிறேன். ஆனால் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அந்த அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பி, ஒவ்வொருவராகச் சொல்லுங்கள். அவருக்கு உங்கள் பெயர் வேண்டும்.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், அடுப்பை அணைத்தாலும் என்னை மட்டும் அணைக்காமல் விட்ட தாய்மார்களுக்கும், கதவோரக் காளையர்க்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. என் பேச்சு இத்துடன் நின்றது. உங்கள் பெயர்கள் தொடங்கட்டும். வணக்கம்!